பிள்ளையை ஆசிரியர் அடித்தால் பெற்றோரின் கடமை என்ன?

"கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தோலை உரித்துவிடுங்கள், வாத்தியாரையா!" நம் பாட்டன்மார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இப்படிச் சொல்லித்தான் கையைப் பிடித்துக் கொடுத்தார்கள். சொன்னவர்கள் கல்நெஞ்சர் அல்லர். தான் படிக்காத படிப்பைத் தன் மகனாவது படிக்கட்டும் என்ற ஆசையும், வாத்தியார் எல்லாம் அறிந்தவர், தனக்கு ஒன்றும் தெரியாது என்ற தாழ்மையும் சேர்ந்து பிறந்த வார்த்தை அது. ஆயினும் அந்த வார்த்தைக்குள் ஒரு பெருந்தவறு ஒளிந்திருக்கிறது. பிள்ளையின் தோலை உரிக்கும் அதிகாரம் அந்தத் தகப்பனுக்கே இல்லை. தன்னிடம் இல்லாத ஒன்றை அவன் வாத்தியாருக்கு எப்படிக் கொடுக்க முடியும்?

இன்று அப்படிப் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதற்கு நேர்மாறாக, பிள்ளைமேல் ஓர் அடி விழுந்தது என்று கேட்டவுடன் உற்றார் உறவினரைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலில் போய் நின்று, ஆசிரியரின் சட்டையைப் பிடிக்கிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் இவ்விரண்டு வகையையும் சேர்ந்தவர்கள் அல்லர். பிள்ளையின் காலில் தடித்த கோட்டைக் கண்டு மனம் பதறுகிறார்கள், இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார்கள், விடிந்ததும், "படிக்கிற பிள்ளை, வாத்தியாரைப் பகைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டு பிள்ளையை மறுபடியும் அதே வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தாய் தகப்பன்மாருக்காகவே முக்கியமாய் இதை எழுதுகிறோம்.

கேள்வி இதுதான்: ஆசிரியர் பிள்ளையின் உடலை வருத்தினால் பெற்றோர் பொறுத்துக்கொள்ள வேண்டுமா, பழிக்குப் பழி வாங்க வேண்டுமா, அல்லது வேறு வழி உண்டா?

அதிகாரம் யாருடையது?

முதலில் ஓர் அடிப்படை உண்மையைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிள்ளைக்கு முதல் ஆசிரியர் தாய் தகப்பனே. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ம் ஆண்டில் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இதை ஐயமறப் போதித்தது. பள்ளிக்கூடம் பெற்றோருக்கு உதவி செய்ய வந்தது. அவர்களுடைய இடத்தைப் பிடித்துக்கொள்ள வந்ததன்று. ஆகவே ஆசிரியரிடம் பிள்ளைமேல் இருக்கும் அதிகாரம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து இரவலாகச் சென்ற அதிகாரம்.

நகை செய்வதற்காக ஆசாரியிடம் பொன்னை ஒப்படைக்கிறோம். பட்டறையில் இருக்கும்வரை அந்தப் பொன்னை உருக்கவும் தட்டவும் நீட்டவும் அவருக்கு உரிமை உண்டு. அதனால் பொன் அவருடையதாகிவிடுமா? நகை திரும்பி வரும்போது எடை போட்டுப் பார்க்கிறோம். குறைந்திருந்தால் ஏன் என்று கேட்கிறோம். கேட்டதற்காக எந்த நல்ல ஆசாரியும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு சவரன் பொன்னுக்குக் கேட்கிற கேள்வியைப் பெற்ற பிள்ளைக்காகக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகுமா?

இன்னொன்றும் உண்டு. பிள்ளை பெற்றோருக்குச் சொந்தமான சொத்தும் அன்று. சர்வேசுரன் அவர்களை நம்பி ஒப்படைத்த ஆத்துமம் அது. ஒப்படைத்தவர் ஒருநாள் கணக்குக் கேட்பார். அப்போது, "நான் வாத்தியாரிடம் விட்டுவிட்டேன், மீதி எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

"பழைய வேத சாஸ்திரிகள் பிள்ளைகளை அடித்துத் திருத்தலாம் என்று சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். மெய்தான். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், தகப்பன் திருத்தும் நோக்கத்தோடு பிள்ளையை அடிக்கலாம் என்று எழுதினார். அளவு மீறி அடிக்கலாகாது என்றும் எழுதினார். ஆனால் அதே இடத்தில், எஜமான் தன் அடிமையை அடிக்கலாம் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார் என்பதை மறக்கலாகாது. அந்தக் காலத்து உலகம் அப்படி இருந்தது. இன்று அடிமையை அடிக்கலாம் என்று சொல்லுகிற கிறிஸ்தவன் உண்டா? அடிமை என்று ஒருவன் இருக்கவே கூடாது என்பதைத் திருச்சபை தெளிவாகப் போதிக்கிறது. அதைப்போலவே, நிபந்தனைகளோடு ஒருகாலத்தில் அனுமதிக்கப்பட்டது எக்காலத்துக்கும் கட்டளை ஆகிவிடாது. பழமொழி ஆகமம் பிரம்பைப் பற்றிப் பேசுவதும் பிள்ளையைத் திருத்தாமல் விட்டுவிடலாகாது என்பதற்காகவே. அர்ச். சின்னப்பரோ, பிள்ளைகள் மனமொடிந்து போகும்படி அவர்களை எரிச்சலூட்டாதிருக்குமாறு தகப்பன்மாருக்கே புத்தி சொன்னார். தகப்பனுக்கே அந்த எச்சரிக்கை என்றால், தகப்பனிடமிருந்து அதிகாரத்தை இரவல் வாங்கியவருக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

அர்ச்சியசிஷ்டவர்கள் கண்ட உண்மை

பள்ளிக்கூடத்து அடி இன்று நேற்று வந்ததன்று. அர்ச். அகுஸ்தீன் சிறு பையனாய்ப் பள்ளியில் படித்தபோது நன்றாய் அடிபட்டவர். பள்ளியில் தமக்கு அடி விழாதிருக்க வேண்டும் என்று அந்தச் சிறு வயதில் சர்வேசுரனை மிகவும் உருக்கமாய் மன்றாடியதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த அடிகளைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். தமக்கு எந்தக் கெடுதலும் நினையாத தம் பெற்றோரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்கள் என்று அவர் நினைவுகூர்கிறார். இதை அவர் எப்போது எழுதினார்? ஏறக்குறைய 400-ம் ஆண்டில், நாற்பது வயதைத் தாண்டிய மேற்றிராணியாராக இருந்தபோது. அவருடைய தாயாரோ அர்ச். மோனிக்கம்மாள்! அவ்வளவு நல்ல தாயைப் பெற்றிருந்தும், அவ்வளவு காலம் கழிந்தும், தம் வலியை வீட்டார் வேடிக்கையாக எடுத்துக்கொண்டதை அவர் மறக்கவில்லை. பெற்றோர்களே, பிள்ளை அழுதுகொண்டு வந்து சொல்லும்போது, "நீ என்ன செய்தாயோ, அதுதான் வாத்தியார் போட்டிருக்கிறார்" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்கக்கடவர்கள்.

பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். அன்செல்ம் என்பவரிடம் ஒரு மடாதிபதி வந்து முறையிட்டார். மடத்தில் வளரும் சிறுவர்களை இரவு பகலாய் அடித்தும் அவர்கள் திருந்தவில்லை, மேலும் கெட்டுத்தான் போகிறார்கள் என்பது அவர் குறை. அன்செல்ம் அவரிடம் ஒரு கன்றின் உவமையைச் சொன்னார். தோட்டத்தில் ஒரு கன்றை நட்டுவிட்டு, கிளைவிட இடமில்லாதபடி நாலு பக்கமும் அடைத்துவைத்து, சில ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? கோணிக் குறுகிச் சிக்கலாய்ப் போன ஒன்றுதான் இருக்கும். குற்றம் கன்றினுடையதா, அடைத்தவருடையதா? மடாதிபதி தம் தவற்றை உணர்ந்தார் என்று அன்செல்மின் வாழ்க்கையை எழுதியவர் கூறுகிறார்.

நமக்கு இன்னும் அண்மையில் உள்ளவர் அர்ச். தொன் போஸ்கோ. தெருவில் திரிந்த முரட்டுப் பையன்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து வளர்த்தவர் அவர். அவருடைய சபையார் 1906-ம் ஆண்டிலேயே தஞ்சாவூருக்கு வந்து நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு உழைக்கத் தொடங்கினார்கள். அவர் 1877-ம் ஆண்டில் தம் கல்வி முறையை விளக்கி எழுதிய சிறு நூலில், எந்த விதத்திலும் அடிப்பது, வலிக்கும்படி முழங்காலில் நிறுத்துவது, காதைப் பிடித்து இழுப்பது ஆகியவற்றை அடியோடு விலக்கினார். அதற்கு அவர் காட்டிய நியாயங்கள்: சட்டம் அவற்றைத் தடுக்கிறது, அவை பிள்ளைகளுக்கு ஆத்திரமூட்டுகின்றன, அடிக்கிறவரையே தாழ்த்துகின்றன. முரட்டுப் பையன்களோடேயே வாழ்ந்த ஒருவர் பிரம்பில்லாமல் முடியும் என்று கண்டிருக்க, நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது முடியாது என்று சொல்லலாமா?

சேசுநாதர் காட்டிய வழி

இனி நம் கேள்விக்கு வருவோம். பிள்ளைக்கு அநியாயமாய் அடி விழுந்திருக்கிறது. பெற்றோர் என்ன செய்வது?

"ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டும்படியல்லவா நம் ஆண்டவர் போதித்தார்? ஆகவே பொறுத்துக்கொள்வதே கிறிஸ்தவ முறை" என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் அர்ச். அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தில் பாடுகளின் வரலாற்றை மறுபடி வாசிக்கட்டும். பிரதான குருவின் முன்னிலையில் சேசுநாதர் விசாரிக்கப்படுகையில், பக்கத்தில் நின்ற காவலன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். சகல வல்லமையுமுள்ள நம் ஆண்டவர் அவனைத் திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவுமில்லை. ஆனால் பேசாமலும் இருந்துவிடவில்லை. தாம் பேசியதில் பிழை இருந்தால் அதை எடுத்துக்காட்டும்படியும், பிழை இல்லையென்றால் அடித்ததற்குக் காரணம் சொல்லும்படியும் அவனைக் கேட்டார். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே ஆண்டவர்தாம் இப்படிக் கேட்டார். அந்தப் போதனை உள்ளத்தின் ஆயத்தத்தைப் பற்றியது. உண்மையைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொள்ளச் சொன்னதன்று என்று அர்ச். அகுஸ்தீன் இந்த இடத்தை விளக்குகிறார்.

இதில் நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் இருக்கிறது. அடிக்கு அடி கூடாது; அடிக்கு மௌனமும் கூடாது; அடித்தவரிடம் நேருக்கு நேராய், அமைதியாய், காரணம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது ஆணவம் அன்று. அடித்தவரையும் மனச்சாட்சியுள்ள மனிதராக மதித்து, அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கருதுவதால்தான் அவரைக் கேட்கிறோம்.

மேலும் ஒன்று. ஆண்டவர் தமக்கு விழுந்த அடிக்காகக் கேட்டார். பெற்றோர் கேட்பதோ, தானே கேட்கத் திராணியில்லாத ஒரு குழந்தைக்காக. தன் கன்னத்தை ஒருவன் காட்டலாம்; தன் பிள்ளையின் கன்னத்தைக் காட்ட அவனுக்கு உரிமையில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, பிள்ளையின் பேச்சைக் கேளுங்கள். முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதேயுங்கள். "எந்த டீச்சர், எதற்காக, எதைக்கொண்டு, எத்தனை அடி, யார் பார்த்தார்கள்" என்று பொறுமையாய் விசாரியுங்கள். சொல்லாத பிள்ளையும் உண்டு. காலையில் பள்ளிக்குப் போகும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி வருவது, நின்றுபோன படுக்கையில் நீர்விடும் வழக்கம் திரும்புவது, தூக்கத்தில் அலறுவது, ஒரு பாடத்தின் பெயரைக் கேட்டாலே முகம் வாடுவது, இவற்றைக் கண்டால் ஏன் என்று மெதுவாய்க் கேட்டுப் பாருங்கள். கேட்டபின், "நீ சொன்னது நல்லது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். அந்த வார்த்தை பிள்ளைக்குப் பாதி மருந்து.

இரண்டாவது, உடம்பைப் பாருங்கள். தலையில், கண்ணருகில், காதில் அடி என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காதோடு சேர்த்து அறைவதால் செவிப்பறை கிழிந்துபோவது உண்டு. மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிச் சீட்டு வாங்கி வையுங்கள். பள்ளிக்கூடத்தின் பெயரைக் காப்பாற்றுவதற்காகப் படிக்கட்டில் விழுந்தான் என்று சொல்வது பொய். அந்தப் பொய் பிள்ளைக்கும் கேடு. தழும்பைப் படம் எடுத்து வைப்பதிலும் தவறில்லை. ஆனால் அது சாட்சிக்காக. ஊரெல்லாம் கைப்பேசியில் அனுப்புவதற்காக அன்று. ஆசிரியர் பக்கத்து நியாயத்தைக் கேட்குமுன் அவர் பெயரையும் படத்தையும் பரப்புகிறவன் எட்டாம் கற்பனையை மீறுகிறான். அடிபட்ட பிள்ளையின் மானமும் அதனால் சந்தைக்கு வருகிறது.

மூன்றாவது, ஆசிரியரைப் பாருங்கள். கோபம் தணிந்தபின் போங்கள். ஆனால் நாள்கணக்காய்த் தள்ளிப்போடாதேயுங்கள். கூடுமானால் தாயும் தகப்பனும் சேர்ந்து போங்கள். வகுப்புப் பிள்ளைகள் முன்னிலையில் பேச வேண்டாம். "டீச்சர், நேற்று என் மகள் காலில் தழும்போடு வந்தாள். அவள் சொன்னதைக் கேட்டோம். உங்கள் வாயால் என்ன நடந்தது என்று கேட்க வந்தோம்" என்று தொடங்கினால் போதும். பிள்ளை தவறு செய்திருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்; திருத்துவதில் உங்கள் பங்கைச் செய்வதாகச் சொல்லுங்கள். ஆனால், "தண்டனை கொடுங்கள், கை வைக்க வேண்டாம்" என்பதை மரியாதை குறையாமலும் குழப்பமில்லாமலும் சொல்லிவிடுங்கள். பல சமயங்களில் காரியம் இதோடு முடிந்துபோகும். நல்ல ஆசிரியர், சோர்விலும் எரிச்சலிலும் செய்ததற்கு மனம் வருந்துவார். அவர் பிள்ளையிடமே, "நான் அடித்திருக்கக் கூடாது" என்று சொல்வாரானால், அந்த வகுப்பு அன்று கற்றுக்கொள்ளும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். அப்படிச் சொன்ன ஆசிரியரைப் பிறகு ஊரில் தூற்றித் திரிவது பாவம்.

நான்காவது, பதில் கிடைக்காவிட்டாலும், மறுபடி அடி விழுந்தாலும், தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். நாள், நேரம், நடந்தது, சாட்சி ஆகியவற்றைச் சுருக்கமாய் எழுதிக் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் தாளாளரிடமும், கல்வி அதிகாரிகளிடமும் போங்கள். 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தாலும் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும், அதற்குக் கட்டணமில்லை.

ஐந்தாவது, பேசித் தீர்க்கக் கூடாத காரியங்களும் உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள். எலும்பு முறிவு, இரத்தக் காயம், மயக்கம் ஏற்பட்டால் அது பள்ளிக்குள் பேசி முடிக்கும் காரியம் அன்று. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு தொகையைத் தகப்பன் கையில் திணித்து முடித்துவைப்பது பிள்ளையின் வலியை விலை பேசுவதாகும். பிள்ளையின் உடலைத் தகாத முறையில் யாராவது தொட்டிருந்தாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. 2012-ம் ஆண்டின் சட்டப்படி, அறிந்தவர் யாராயினும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பதே குற்றம். சாதியைச் சொல்லி வகுப்பில் அவமானப்படுத்துவதும், குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ விடுவதும் பிரம்படியைவிட ஆழமாய்ப் பதிகிற காயங்கள். தழும்பு தெரியவில்லை என்று அவற்றைச் சிறியதாக எண்ண வேண்டாம்.

சட்டம் சொல்வது

நியாயமான சட்டம் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தும் என்பது ஞானோபதேசத்தில் நாம் கற்றதே. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே கல்வி விதிகள் திருத்தப்பட்டு, பள்ளிகளில் உடலை வருத்தும் தண்டனை தடைசெய்யப்பட்டது. 2009-ம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்தை வதைப்பதையும் விலக்குகிறது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. அதைக் காட்டி, "நம் பள்ளிகளில் அடிக்கத் தடையில்லை" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 75-ம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் தேவையற்ற துன்பம் விளைவிப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. அதில் கிறிஸ்தவப் பள்ளி, மற்றப் பள்ளி என்ற வேறுபாடு இல்லை.

சட்டம் இருந்தும் பழக்கம் எளிதில் போவதில்லை. மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளியில் அடிபட்டதாகச் சொன்னார்கள். கேட்காத பெற்றோர் இருக்கும்வரை அடிக்கிற கை நிற்பதில்லை.

சில ஆட்சேபங்கள்

"கேட்டால் அந்த ஆசிரியர் என் பிள்ளைமேல் வஞ்சம் வைத்துக்கொள்வாரே?" இந்தப் பயம் வீண் பயம் அன்று, மதிப்பெண்ணும் பரீட்சையும் அவர் கையில் இருக்கின்றன. ஆனால் மௌனமாயிருந்தால் ஆபத்து நீங்கிவிடுமா? கேட்க ஆளில்லாத பிள்ளைமேலேயே கை எளிதாய் ஓங்கும். தகப்பனில்லாத பிள்ளையும், கூலிவேலைக்குப் போகும் தாயின் பிள்ளையும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையும் மற்றவர்களைவிட அதிகம் அடிபடுவதை நாம் பார்ப்பதில்லையா? ஆகையால் நீங்கள் கேட்கும்போது உங்கள் பிள்ளைக்காக மட்டும் கேட்கவில்லை. எழுதத் தெரியாத அடுத்த வீட்டுத் தாய்க்காகவும் கேளுங்கள். முடிந்தால் அவளையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

"மன்னிப்பதல்லவா நம் வேதம்?" ஆம், மன்னிக்க வேண்டும். மன்னிப்பு என்பது பகையை உள்ளத்தில் வைத்திராமல் விட்டுவிடுவது. அநியாயம் தொடர்ந்து நடக்க வழிவிடுவது மன்னிப்பு அன்று. அதுவும் போக, அடிபட்டது பிள்ளை. தனக்கு வரவேண்டிய கடனை ஒருவன் தள்ளிவிடலாம். இன்னொருவனுக்கு வரவேண்டியதைத் தள்ளிவிட அவனுக்கு உரிமை ஏது? பிள்ளையின் பேரில் பெற்றோர் விரைந்து மன்னித்துவிடுவது பெரும்பாலும் தங்கள் சங்கடத்தை முடித்துக்கொள்ளவே. முதலில் பிள்ளைக்குப் பாதுகாப்பு. பிறகு உண்மை வெளிப்படுதல். அதன்பின் மன்னிக்கப் பிள்ளைக்கு மெதுவாய்க் கற்றுக்கொடுங்கள். "அந்த டீச்சருக்காக ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்வோம்" என்று இரவு ஜெபத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்த ஜெபம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விக்குப் பதிலாகிவிடலாகாது.

"நம் சாமியார் நடத்தும் பள்ளி, நம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி, வெளியே சொன்னால் திருச்சபைக்கு அவமானமல்லவா?" இதற்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு அதிகம். இந்தப் பங்கின் பள்ளிக்குத் தாளாளர் பங்குக் குருவே. ஆகவே எழுதிவைக்கிறோம்: நம் பள்ளியில் உங்கள் பிள்ளைமேல் கை விழுந்தால் வந்து சொல்லுங்கள். பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் நின்று தயங்க வேண்டாம். பங்கு வீட்டுக்கு வாருங்கள். காகிதத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். ஆசிரியரையும் அழைத்து இருவர் சொல்வதையும் கேட்போம். நீங்கள் கேட்ட நியாயம் இங்கே கிடைக்கவில்லையென்றால், இதற்கு மேலே போவது உங்கள் உரிமை. அதற்காகப் பலிபீடத்திலிருந்தோ, பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்தோ, ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்தோ யாரும் உங்களைத் தடுக்கப் போவதில்லை. திருச்சபைக்கு அவமானம் வருவது பிள்ளை அடிபட்டதனால். அதைத் தாய் சொன்னதனால் அன்று.

"பிள்ளைக்குக் கண்டிப்பே வேண்டாமா?" வேண்டும். அடியை நீக்கிவிட்டால் கண்டிப்பு போய்விடும் என்று எண்ணுவது தவறு. செய்யாத பாடத்தை மறுபடி எழுதச் செய்யலாம்; விளையாட்டு நேரத்தைக் குறைக்கலாம்; உடைத்ததைச் சரிசெய்ய வைக்கலாம்; தகப்பனை அழைத்துப் பேசலாம். நான்காம் கற்பனை தாய் தகப்பனை மட்டுமன்று, ஆசிரியரையும் மதிக்கச் சொல்லுகிறது. ஆசிரியரைப் பற்றிப் பிள்ளையின் காதுபட இழிவாய்ப் பேசுகிற வீட்டில் கண்டிப்பும் தங்காது, கல்வியும் தங்காது. நாற்பது ஐம்பது பிள்ளைகளை நாள் முழுவதும் கட்டிமேய்க்கும் வேலை எளிதன்று. வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாம் படுகிற பாட்டை நினைத்துப் பார்த்தால் அது விளங்கும்.

நம் வீட்டுப் பிரம்பு

கடைசியாக ஒரு வார்த்தை. ஆசிரியரிடம் போய் ஏன் அடித்தீர் என்று கேட்கப் புறப்படும் தகப்பன், வாசற்படியைத் தாண்டுமுன் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் பெல்டும் விறகுக்கட்டையும் பேசுகிறதென்றால், பள்ளியில் அவன் கேட்கிற கேள்விக்கு வலிமை இராது. பிள்ளையும் அதைக் கவனிக்கும்: "என்னை அடிப்பது தவறு என்பதற்காக அப்பா கோபப்படவில்லை, இன்னொருவர் அடித்துவிட்டார் என்பதற்காகத்தான் கோபப்படுகிறார்" என்று அது எண்ணிக்கொள்ளும். "அடியாத மாடு படியாது" என்பார்கள். நம் பிள்ளைகள் மாடுகள் அல்ல. ஞானஸ்நானத்தால் சர்வேசுரனுடைய பிள்ளைகளானவர்கள்.

ஆகையால் பங்கு மக்களே, இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் இரவு ஜெபம் முடிந்தபின், "பள்ளியில் யாராவது உன்னை அடிக்கிறார்களா?" என்று பிள்ளைகளை ஒருமுறை கேளுங்கள். இல்லை என்றால் சர்வேசுரனுக்கு நன்றி சொல்லுங்கள். அந்த ஆசிரியர்களைக் கண்டு அவர்களுக்கும் நன்றி சொல்லுங்கள். ஆம் என்றால் சிரிக்கவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் நீங்களே பள்ளிக்குப் போங்கள்.